பாதுகாவலரும் பெற்றோரும்

முல்லைப்பெரியாற்றின் நீர் குமுளி மலையினின்று குழாய்கள் வழியே இறங்கிவரும் அடிவாரத்தில் அமைந்தது லோயர் கேம்ப். 1958-இல் அங்கு மின் உற்பத்தி தொடங்கிற்று. அந்நாளில் அங்கு வாழ்ந்த பிள்ளைப்பேறற்ற கத்தோலிக்கத் தம்பதியர் ஆதரவற்ற ஒரு குழந்தையைத் தங்கள் மகளாக்கிக்கொள்ள விரும்பியிருந்தால், அடுத்த வீட்டு இந்துத் தம்பதியருக்குத் திறந்திருந்த வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது.

1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டுமே உரியது. கிறிஸ்தவருக்கு எஞ்சியிருந்தது ஆங்கிலேயர் காலத்து 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம். தேனி அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி. 1996-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆதலால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரை மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். அங்கே கிடைப்பதும் பெற்றோர் என்னும் தகுதியன்று. ‘கார்டியன்’ என்னும் பொறுப்பே. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்தால் பிள்ளை 21 வயதில் மேஜர். அன்றோடு சட்டத்தின் கண்ணில் அவ்வுறவு முடிந்தது. (1999-இல் இவ்வயது 18 ஆக்கப்பட்டது.)

பிறகு நடப்பதுதான் கொடுமை. நமக்குரிய 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளையற்ற கணவன் உயில் எழுதாது இறந்தால் சொத்தில் பாதி மனைவிக்கு. மறுபாதி அவன் இரத்த உறவினருக்கு. இருபது ஆண்டுகள் ‘அப்பா’ என்றழைத்தவளுக்கு ஒன்றுமில்லை. ஆகவே குழந்தையை ஏற்பது என்னும் முடிவோடு, உயில் எழுதுவது என்னும் முடிவும் அன்றே எடுக்கப்பட வேண்டியிருந்தது. பாசம் மிகுந்த எத்தனை பேருக்கு அது தோன்றியிருக்கும்?

திருச்சபைச் சட்டமும் இதில் கைகொடுக்க இயலவில்லை. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 110-ஆம் விதி, நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவரைத் தத்தெடுத்தோரின் மக்களாக ஏற்கிறது. நாட்டுச் சட்டமே வாய் திறக்காதபோது அவ்விதிக்கு இங்கே வேலை ஏது?

எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சட்டம் கொணர 1972-இலும் 1980-இலும் மசோதாக்கள் வந்தன; நிறைவேறவில்லை. இதற்கிடையே, பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனிக்கும் வந்தது. தொட்டிலில் விடப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் மகவுகள். குழந்தைகள் காத்திருந்தனர்; ஏற்க விழைந்த கிறிஸ்தவ இல்லங்களோ பாதுகாவலர் ஆணையோடு நின்றன.

2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2006-இல் திருத்தப்பட்டபோதுதான், தத்துப்பிள்ளை சகல உரிமைகளோடும் சொந்தப் பிள்ளையே என்று தெளிவாயிற்று. ஷப்னம் ஹாஷ்மி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில், எச்சமயத்தவரும் இச்சட்டத்தின் கீழ்த் தத்தெடுக்கலாம் என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று நடப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். கணவன், மனைவி இருவரும் இசைய வேண்டும். மணமாகி ஈராண்டேனும் நிலையான இல்வாழ்வு வேண்டும். சமூகப் பணியாளர் இல்லத்திற்கே வந்து ஆய்வு செய்வார். குழந்தையை ஒப்படைத்த தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசமுண்டு. எவரும் மறக்கலாகாத நீதி அது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஆணை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். லோயர் கேம்ப் தம்பதியர் இனித் தேனிக்குச் சென்றால் போதும்.

எனினும், முன்னாளில் பாதுகாவலர் ஆணையோடு வளர்ந்தவர்களைப் புதிய சட்டம் தானாக மக்களாக்கிவிடவில்லை. அவர்களை வளர்த்தோர் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். உயில் இன்னும் தேவைப்படுகிறது.