சீமெந்துக் கோச்சி

காங்கேசன்துறைக்குத் திரும்பவும் கோச்சி வந்துவிட்டது என்று 2015 சனவரியில் ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். பிறகு படங்கள் வந்தன. புதுக் கட்டடம், வழுவழுப்பான மேடை, மூன்று மொழியில் பெயர்ப்பலகை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எத்தனை தரம் பார்த்தாலும் அது நான் அறிந்த ஸ்டேசனாகத் தெரியவில்லை. சாம்பல்நிறப் புழுதி படிந்து வரிசையாக நிற்கும் பெட்டிகளைப் படத்தில் காணவில்லை.

யாழ்ப்பாணத்து ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் யாழ்தேவியைப் பற்றித்தான் எழுதுவார்கள். 1956இல் ஓடத் தொடங்கிய அந்தக் கோச்சிக்கு அந்த மரியாதை தகும். குட்ஸ் கோச்சியை யார் நினைக்கிறார்கள்? அதில் மாமாவோ மச்சானோ வந்து இறங்குவதில்லையே.

வடக்கின் பாதையில் முதலில் திறந்த துண்டு காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலானது. அது 1902 மார்ச்சில். தெற்கோடு தொடுப்பு ஏற்பட 1905 ஓகஸ்ட் ஆயிற்று. புகையிலையும் சுருட்டும் தெற்கே போயின. ஆனால் கடைசி ஸ்டேசனுக்கு உண்மையான பாரம் வந்தது 1950இல் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகுதான். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது.

சுண்ணாம்புக்கல் எங்கள் காலடியிலேயே இருந்தது. சீமெந்துக்குக் களிமண்ணும் வேண்டும். அது மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. முருங்கன் இருப்பதோ தலைமன்னார்ப் பாதையில். ஆகவே மண் ஏற்றிய பெட்டிகள் முதலில் மதவாச்சிக்குப் போய், அங்கே பாதை மாறி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று வடக்கே ஏறவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அந்த மண் கல்லோடு சூளையில் வெந்து, கிளிங்கராகி, சீமெந்தாகித் தெற்கே போகும். கிளிங்கரில் ஒரு பங்கு காலி ஆலையில் அரைபட்டது. தென்னிலங்கையின் எத்தனை சுவர்களுக்குள் வலிகாமத்துக் கல் இருக்கிறதென்று நான் யோசிப்பதுண்டு. கல் தோண்டிய குழிகள் மட்டும் எங்களிடம் மிஞ்சின.

இடையில் பரந்தன். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த ஆலை அங்கே இருந்தது. அதையும் போர் விழுங்கியது.

எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்கு ஆலையிலோ ஸ்டேசனிலோ வேலை. இரவில் பெட்டிகளைக் கொளுவும் 'டங்' என்ற சத்தம் கேட்காவிட்டால் அம்மாவுக்கு நித்திரை வராது. 1990 யூனில் சேவை நின்றது. ஆலையும் நின்றது. வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதோடு எழும்பி ஓடியது. அதன்பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இரண்டு தரப்பும் எடுத்தன. அப்படி ஒரு தண்டவாளத்துக்குக் கீழே ஓர் இரவு முழுக்க நானும் குந்தியிருந்திருக்கிறேன்.

இந்தியக் கடனில், இந்திய அரச நிறுவனம் ஒன்று பாதையைத் திரும்பப் போட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மூன்று மாதத்துக்குள் காங்கேசன்துறை. கோச்சி வந்த நாளில் ஆலை ஓடவில்லை. சுற்றுவட்டக் காணிகளில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. துண்டு துண்டாகப் பின்னர்தான் விட்டார்கள். ஸ்டேசன் திறந்தபோது அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் பலர் இன்னும் முகாமில்.

2017இல் போனேன். மாவிட்டபுரம் கழிந்ததும் பெட்டியில் நாலைந்து பேர்தான். இறங்கியவர்கள் கடல் பார்க்க நடந்தார்கள். குட்ஸ் செட் எங்கே இருந்ததென்று அங்கு நின்ற இளம் உத்தியோகத்தரைக் கேட்டேன். அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"பார்சலோ ஐயா? அந்த யன்னலிலை குடுங்கோ" என்றார்.