பென்டிரைவில் இருந்த வெள்ளம்: ஸ்லைட் கோப்புகளைத் திறக்க எந்த மென்பொருள்?

காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கியிருந்த 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தீவின் கிராமம் ஒன்றில் நடந்த கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் மடிக்கணினியை ப்ரொஜெக்டரில் பொருத்தி, வரைபடமும் அம்புக்குறியுமாக முக்கால் மணிநேரம் விளக்கினார்கள். பிறகு ஊர் இளைஞர் ஒருவர் எழுந்து தன் பென்டிரைவைக் கொடுத்தார். மாரிகாலத்தில் எந்தெந்த ஒழுங்கையில் தண்ணீர் தேங்குகிறது, எத்தனை நாள் வடியாமல் நிற்கிறது என்று மூன்று வருடமாக அவர் எடுத்த படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் இடமும் திகதியும் தமிழில்.

படங்கள் திரையில் வந்தன. தமிழ் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நின்றன. "இது என்ன பாஷை தம்பி?" என்று முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் கேட்க, மண்டபம் சிரித்தது. கடைசியில் இருந்த வீடியோவும் ஓடவில்லை. தம்பி கணினியை விட்டுவிட்டு வாயால் சொல்லத் தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் எந்தப் படம் எந்த நாளில் எடுத்தது என்ற விபரம் யாருடைய குறிப்பிலும் ஏறவில்லை.

அன்றிரவே அவர் என்னைக் கேட்டார், "அக்கா, என்ன சொஃப்ட்வெயார் போட்டிருந்தா இது நடந்திருக்காது?" அதற்குப் பிறகு ஆசிரியர்கள், மீனவர் சங்கக்காரர், ஒரு அருட்சகோதரி என்று பலர் இதே கேள்வியோடு வந்துவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப் போனதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கோப்பைப் பற்றி. பவர்பொயின்ட் மைக்ரோசொஃப்ட் கண்டுபிடித்ததல்ல. ஃபோர்தோட் என்ற சிறிய நிறுவனம் 1987 இல் மெக்கின்டொஷ் கணினிக்காக வெளியிட்டது. அதே ஆண்டு மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை 1 கோடியே 40 இலட்சம் டொலருக்கு வாங்கிவிட்டது. நீண்டகாலம் கோப்பின் பெயர் பிபிடி என்று முடிந்தது. 2007 பதிப்பிலிருந்து பிபிடிஎக்ஸ். இந்த எக்ஸ் முக்கியமானது. பிபிடிஎக்ஸ் உண்மையில் ஒரு சிப் பொதி. அதன் அமைப்பு 2008 இல் சர்வதேசத் தரநிலையாக ஏற்கப்பட்டது. ஆகவே மைக்ரோசொஃப்ட் அல்லாதவர்களும் அதைத் திறக்கும் மென்பொருளை எழுத முடிகிறது.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. எந்த மென்பொருளும் இல்லாத கணினியில் அகப்பட்டுக்கொண்டால், கோப்பின் பிரதியொன்றை எடுத்து, பெயரின் முடிவை சிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே மீடியா என்றொரு ஃபோல்டர் இருக்கும். ஸ்லைட்டில் போட்ட படங்கள் எல்லாம் அதில் தனித்தனியாகக் கிடக்கும். பழைய பிபிடியில் இது சரிவராது.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. பலரும் இன்னும் "பவர்பொயின்ட் வியூவர்" என்று தேடுகிறார்கள். அந்த இலவசச் செயலியை மைக்ரோசொஃப்ட் 2018 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரில் ஏதோவொரு தளம் "இலவசமாக இறக்குங்கள்" என்று பச்சைப் பொத்தானைக் காட்டினால் அதைத் தொடவேண்டாம். வைரஸ் வீட்டுக்குள் வரும் வாசல்களில் அதுவும் ஒன்று. இணைய இணைப்பு இருந்தால், கூகிள் கணக்கு வைத்திருப்பவர் கூகிள் ஸ்லைட்ஸில் திறக்கலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கு இருந்தால் பிரவுசரிலேயே பவர்பொயின்ட் இலவசமாக ஓடும். இரண்டிலும் திருத்தவும் முடியும். கைபேசியிலும் இவற்றின் செயலிகள் உண்டு.

ஆனால் இணையத்தை மட்டும் நம்பி ஒரு கூட்டத்துக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் போனதை நாங்கள் மறக்கவில்லை. டேட்டா முடிந்துபோவது அன்றாட விஷயம். கணினிக்குள்ளேயே ஒன்று இருக்கவேண்டும்.

அதற்கு நான் சொல்வது லிப்ரே ஒஃபிஸ். அதிலுள்ள இம்ப்ரெஸ் என்ற பகுதிதான் ஸ்லைட்டுக்கானது. ஓப்பன் ஒஃபிஸ் என்ற பழைய திட்டத்திலிருந்து 2010 இல் பிரிந்து வந்தது. இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தமிழ் இடைமுகமும் உண்டு, முழுமையாக இல்லாவிட்டாலும். நிறுவும் கோப்பு ஏறத்தாழ 350 மெகாபைட். ஒருவர் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் ஊரில் பத்துப் பேருக்குப் போட்டுக் கொடுக்கலாம், அது சட்டப்படி சரியான காரியமும்கூட. விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி என்றால் கவனம்: 25.8 பதிப்பிலிருந்து அதற்கு ஆதரவில்லை. அவர்களது தளத்திலேயே இருக்கும் பழைய பதிப்பொன்றை எடுக்கவேண்டும்.

குறைகளையும் சொல்லவேண்டும். புதிய பவர்பொயின்ட்டில் செய்த மோர்ஃப் போன்ற அசைவுகள் இம்ப்ரெஸ்ஸில் அப்படியே வருவதில்லை. ஸ்மார்ட்ஆர்ட் படங்கள் தெரியும், ஆனால் அவற்றைத் திருத்துவது தலைவலி. சேமிக்கும்போது ஓடிபி என்ற தன் வடிவத்தையே அது முன்வைக்கும். பவர்பொயின்ட் வைத்திருப்பவருக்குக் கொடுப்பதானால் பிபிடிஎக்ஸ் என்று நீங்களே தெரிவு செய்யவேண்டும். அப்பாச்சி ஓப்பன் ஒஃபிஸ் என்ற அதன் உறவுக்காரரும் இருக்கிறார். அவரால் பிபிடிஎக்ஸ்ஸைத் திறக்க முடியும், அதே வடிவில் சேமிக்க முடியாது. ஆகவே வேண்டாம். டபிள்யூபிஎஸ் ஒஃபிஸ் தோற்றத்தில் பவர்பொயின்ட் மாதிரியே இருப்பதால் எங்கள் மாணவர்களுக்குப் பிடிக்கும். இலவசப் பதிப்பில் விளம்பரத் தொல்லை.

கடையில் கணினி வாங்கும்போதே "ஒஃபிஸ் போட்டுத் தந்திருக்கு" என்பார்கள். அது பெரும்பாலும் பூட்டுடைத்த பிரதி. பூட்டை உடைக்கும் சிறு செயலி ஓடுவதற்காக வைரஸ் காவலை நிறுத்திவைப்பார்கள், பிறகு திரும்ப இயக்க மறந்துவிடுவார்கள். காசு இல்லை என்பது விளங்குகிறது. காசில்லாமலே நேரான வழி இருக்கும்போது ஏன் இந்த ஆபத்து என்பதுதான் என் கேள்வி.

சரி, தம்பியின் கணினியில் லிப்ரே ஒஃபிஸ் இருந்திருந்தால் அன்று தமிழ் வந்திருக்குமா? இல்லை. விலையுயர்ந்த பவர்பொயின்ட் இருந்திருந்தாலும் வந்திருக்காது. மண்டபத்தில் இருந்த கணினியில் அது இருக்கத்தான் செய்தது.

காரணம் பாமினி. எங்கள் ஊர்க் கொமியூனிகேஷன் கடைகளில் தட்டச்சு செய்பவர்கள் பலரின் விரல் இன்னும் பாமினியில்தான் ஓடுகிறது; கலியாணக் கார்ட், கண்ணீர் அஞ்சலி, பரீட்சைத் தாள் எல்லாம் அதில்தான். பாமினியில் தட்டும்போது கணினிக்குள் பதிவது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி போட்டதுபோல ஒரு ஏற்பாடு. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் முகமூடி இருக்கும். இல்லாத கணினியில் கழன்றுவிடும். ஐயா கேட்ட பாஷை அதுதான்.

யுனிகோடில் அடித்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 2000 இலிருந்து லதா என்ற தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ வருகிறது. அந்த நிர்மலாவுக்குள் தமிழும் சிங்களமும் சேர்ந்தே இருக்கின்றன. அதாவது கொழும்பிலிருந்து வரும் அதிகாரியின் கணினியிலும் தமிழ் ஏற்கனவே இருக்கிறது.

பாமினியில் ஏற்கனவே செய்து வைத்திருப்பவர்கள் திரும்பத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. சுரதாவின் மாற்றி போல இணையத்தில் பல எழுத்துரு மாற்றிகள் உண்டு. ஒவ்வொரு ஸ்லைட்டின் எழுத்தையும் பிரதியெடுத்து அங்கே ஒட்டி, மாறி வந்ததை மீண்டும் ஸ்லைட்டில் ஒட்டவேண்டும். ஒட்டிய பிறகு எழுத்துருவை நிர்மலா அல்லது லதா என்று மாற்ற மறக்கக்கூடாது. இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழென்று நினைத்துச் சிதைத்துவிடும். அவற்றைத் தனியே விட்டுவிடுங்கள். எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் பெட்டிக்கு வெளியே வழியும், அதையும் ஒருதரம் பார்த்துச் சரிசெய்யவேண்டும்.

எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துக் கொடுக்கலாமே என்று கணினி தெரிந்தவர்கள் கேட்பார்கள். பவர்பொயின்ட்டில் சேமிப்புத் தெரிவுகளுக்குள் அந்த வசதி இருக்கிறது, லிப்ரே ஒஃபிஸிலும் கோப்பின் பண்புகளுக்குள் இருக்கிறது. ஆனால் சில எழுத்துருக்கள் அதற்கு அனுமதி தராதவை, ஒரு மென்பொருள் பதித்ததை இன்னொன்று மதிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதைவிட நம்பகமானது பிடிஎஃப். உங்கள் கணினியில் தமிழ் சரியாகத் தெரியும்போதே முன்வைப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றிவிட்டால், பாமினியோ யுனிகோடோ, எழுத்தின் வடிவம் அதற்குள் உறைந்துவிடும். முழுத்திரையில் வைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினால் ஸ்லைட்டுக்கும் அதற்கும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அசைவுகள் மட்டும் போய்விடும். அது எனக்கு நட்டமாகத் தெரியவில்லை.

வீடியோ ஓடாததன் காரணம் வேறு. கடையில் இருந்தது 2007 பதிப்பு. அதில் வீடியோ கோப்புக்குள் ஏறுவதில்லை, அது இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும்தான் ஏறும். வீடியோ கடைக் கணினியிலேயே நின்றுவிட்டது, விலாசம் மட்டும் மண்டபத்துக்கு வந்தது. 2010 பதிப்பிலிருந்து வீடியோவையே உள்ளே வைக்கலாம். எப்படியானாலும் வீடியோவைத் தனிக் கோப்பாகவும் அதே பென்டிரைவில் போட்டுக்கொள்வது நல்லது.

தம்பியின் 31 ஸ்லைட்டுகளையும் இரண்டு பின்னேரங்களில் மாற்றி முடித்தோம். இப்போது அவரது பென்டிரைவில் பிபிடிஎக்ஸ் ஒன்று, பிடிஎஃப் ஒன்று, வீடியோ ஒன்று, லிப்ரே ஒஃபிஸ் நிறுவும் கோப்பு ஒன்று இருக்கின்றன. பிடிஎஃப்பின் அச்சுப் பிரதி இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறார், ஒன்று மேசைக்குக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவதற்கு. ஒவ்வொரு படத்தின் கீழும் திகதி தெளிவாகத் தெரிகிறது.