கிளிஞ்சல் ஆற்றில் காக்கா ஆழி

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல போறவங்களுக்கு, எண்ணூர் தாண்டினதும் வர்ற பாலம் தெரிஞ்சிருக்கும். நானும் பல தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கேன். கண்ணில் பட்டதெல்லாம் அனல்மின் நிலையப் புகைபோக்கிதான். கீழே இருப்பது கொசஸ்தலை ஆறு. இன்னைக்கு அதோட அடிச்சேற்றைப் பத்திப் பேசலாம்.

பழைய மெட்ராஸ் கட்டடங்களில் பளிங்கு மாதிரி மின்னும் வெள்ளைப் பூச்சு ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிய ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ அதுதான். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்து, வெல்லத் தண்ணியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கை வலிக்கத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கிளிஞ்சல்னா மட்டி, சிப்பியோட ஓடு, அவ்வளவுதான். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் அதுக்குப் பஞ்சமே இருந்ததில்ல. 1806-ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டி முடிச்சாங்க. பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது அதுதான்.

ஓடு நகரத்துக்குப் போச்சு. ஆனா அந்தச் சேறு மீனவர்களுக்கும், வெறும் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் சோறு போட்டது. காரணம் ரொம்ப எளிது: சேறு இளக்கமா இருந்தது. இறால் அதுல புதையும், மட்டியும் புதையும்.

இப்போ அந்தச் சேற்றுமேல ஒரு கறுப்புக் கம்பளம். மீனவர்கள் வைத்த பேர் காக்கா ஆழி. அறிவியல் பேர் மைட்டெல்லா ஸ்ட்ரைகாட்டா. பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியோ, கப்பல் நிலைதடுமாறாம இருக்க நிரப்பும் தண்ணியிலோ இந்த மாதிரி உயிர்கள் ஊர்விட்டு ஊர் வரும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் இது 2019-லேயே பதிவாகிவிட்டது.

மட்டி புதைஞ்சு வாழும். இது அப்படியில்ல, நூல் விட்டு, பக்கத்துச் சிப்பியோட தன்னைக் கட்டிக்கும். ஆயிரக்கணக்கில் பின்னினதும் சேறு இறுகிடும். இறால் புதைய இடமில்ல, மட்டிக்கு மூச்சில்ல, துழாவுற கையை ஓடு கிழிக்குது. உப்புத் தண்ணியும் தாங்கும், கிட்டத்தட்ட நல்ல தண்ணியும் தாங்கும். மழைவெள்ளம் வந்து ஒழிச்சிடும்னு நம்பி உட்கார முடியாது.

‘பிடிச்சுச் சாப்பிடலாமே?’ன்னு கேட்பீங்க. பிலிப்பைன்ஸில் சாப்பிடுறாங்க. ஆனா சிப்பி தண்ணியை வடிகட்டி வாழுற உயிர். தண்ணியில் இருக்கிற உலோகம் அதோட சதையில் சேரும். எண்ணூர்த் தண்ணியில் சாம்பலும் ஆலைக் கழிவும் எத்தனை வருஷமா கலக்குதுன்னு அந்தப் பாலத்துமேல போறப்ப ஒரு தடவை எட்டிப் பாருங்க.