கூந்தலும் கூலியும்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் சாலை நக்கிள்ஸ் மலைத்தொடரில் எட்டும் உயர்ந்த இடங்களுள் ஒன்று ரிவர்ஸ்டன். அங்கு வீசும் காற்றில் எந்தக் கூந்தலும் படிந்து நிற்பதில்லை. உல்லாசப் பயணிக்கு அது வேடிக்கை. மலைச்சரிவில் தலைக்கயிற்றிலே கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அன்றாடத் தொல்லை. காற்று சிக்காக்கிய கூந்தலைக் கயிறு நாள் முழுதும் உராய்கிறது. எனவே கூந்தலைப் பதப்படுத்தும் பொருள்களின் வரலாற்றை வெறும் ஒப்பனையின் வரலாறென்று நாம் ஒதுக்கிவிடல் தகாது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ் மக்கள் அறிந்திருந்தவை எண்ணெயும் சீயக்காயுமே. தேங்காயெண்ணெய் மயிரிழைக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்று இந்திய ஆய்வொன்று 2003இல் காட்டிற்று. பாட்டிமாரின் வழக்கம் மூடநம்பிக்கை அன்று. பின்னர்ப் பரவிய சவர்க்காரமோ காரத்தன்மை உடையது; மயிரிழையின் மேற்செதில்களைக் கிளப்பி, அதைச் சொரசொரப்பாக்குவது.

கழுவிய மயிரின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. சீப்பு உராயும்போதும் மின்னேற்றம் சேர்கிறது. ரிவர்ஸ்டனின் மூடுபனியில் அது கசிந்துவிடும். குளிர்நாட்டு வறண்ட காற்றிலோ வெளியேற வழியின்றி, இழைகள் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும். இதற்கு மருந்தாக வந்தவை நேர்மின்னேற்றம் கொண்ட நான்கிணைய அம்மோனிய உப்புகள். ஜெர்மானிய விஞ்ஞானி டோமாக் 1935இல் இவற்றின் கிருமிகொல்லும் ஆற்றலை வெளியிட்டார். பின்னர் இதே குடும்பத்துப் பொருள்கள் துணியை மென்மையாக்கவும் கூந்தலைப் பதப்படுத்தவும் பயன்பட்டன. சீட்ரைமோனியம் குளோரைடு அவற்றுள் ஒன்று. அதன் தலை மயிரைப் பற்றிக்கொள்கிறது. கொழுப்பாலான வால் உராய்வைத் தணிக்கிறது. காற்றுச் சிக்கெடுக்கும் வேளையில் மயிர் அறுந்துபோவதும் இதனால் குறைகிறது.

அந்த வாலைச் செம்பனை எண்ணெயிலிருந்து பெறலாம். மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்களும் தமிழரே அன்றோ? ஒரு தோட்டத்துத் தமிழன் மூலப்பொருளைத் தருகிறான். மற்றொரு தோட்டத்துத் தமிழச்சி அதனால் ஆன களிம்பை விலைகேட்டுத் திரும்புகிறாள்.

நாட்கூலிக்காரர் எட்டிப்பிடித்த வடிவம் சிறு பக்கற்றுதான். உணவும் மருந்தும் அல்லாத பொருள்களுக்கான, 20 கிராமுக்கு உட்பட்ட பிளாஸ்டிக் பக்கற்றுகளை இலங்கை அரசு 2021 மார்ச் 31 முதல் தடைசெய்தது. மகாவலியைச் சேரும் ஓடைகளின் நலன் கருதினால் அத்தடை நியாயமானதே. அதே மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்தது. பக்கற்றை விலக்கிய சட்டம், போத்தலை வாங்கும் வலுவை அவருக்குத் தரவில்லை.

விஞ்ஞானத்தின்மீது நமக்குப் பகையில்லை. மயிரிழையின் மின்னேற்றத்தைத் தணிக்க அறிந்த மனிதகுலம், அந்த மயிரை அறுக்கும் கூடைக்கயிற்றை மாற்ற ஏன் முயலவில்லை? நம் மாணவர் இரசாயனப் பாடத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டிய கேள்வி இது.