மலையேறிய ஏடுகள்

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கித் தமிழ் பயிலும் மாணவர்க்குச் சங்க நூல்கள் இன்று கைப்பேசியிலேயே விலையின்றிக் கிடைக்கின்றன. இதற்கு வழி திறந்தது 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்றார். பல நாடுகளில் சிதறியிருந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டனர், பிழை திருத்தினர். எழுத்துருக் குழப்பம் (நினைத்தால் இன்றும் நமக்குத் தலைசுற்றும்!) 2004இல் ஒருங்குறிக்கு மாறியபின்னரே தணிந்தது.

ஆயினும் மூலத்தை மட்டும் கொண்டு புறநானூற்றைப் பயில இயலுமா? 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், உரைகளையும் பாடங்களையும் வலையேற்றியதையே நாம் பெரிதென்போம். அண்மைக்கால உரைகள் பலவோ, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுக் காப்புரிமை முடியும்வரை, கடை அலமாரியில்தான்.