பட்டாளத்து லேண்ட் ரோவர் அமெரிக்கா போன கதை

வண்டிக்கு வயது ஏறினால் மதிப்பு இறங்கும், கடைசியில் காயலான் கடைதான் என்பது நாம் அறிந்த கணக்கு. அமெரிக்காவுக்குப் போகும் வெளிநாட்டு வண்டிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அங்கே சாலையில் ஓட முடியாது. தயாராகி 25 ஆண்டு நிறைந்துவிட்டால் அதே வண்டி உள்ளே போகலாம். வயதுதான் அதற்குக் கடவுச்சீட்டு.

இந்த விதியின் தயவில் கடல் கடந்த வண்டிகளில் லேண்ட் ரோவருக்குத் தனி இடம் உண்டு. இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் 1986இல் பிறந்து, பிரிட்டிஷ் ராணுவத்தில் உழைத்து, ஏலத்தில் கைமாறி, அட்லாண்டிக்கைத் தாண்டி, ஸ்பானர் பிடித்தே பழகாத ஓர் அமெரிக்கர் வீட்டு வாசலில் போய் நிற்கும் ‘ஒன் டென்’ ஒன்றைப் பின்தொடர்வோம். குறிப்பிட்ட ஒரு வண்டியின் கதையல்ல இது. அந்த வழியே போன பல வண்டிகளுக்கும் பொதுவான வாழ்க்கை வரலாறு.

தட்டுப்பாடு பெற்ற பிள்ளை

இரண்டாம் உலகப் போர் முடிந்த இங்கிலாந்தில் உருக்கு ரேஷனில் கிடைத்தது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி கொண்டுவரும் ஆலைக்கே முன்னுரிமை. சொகுசுக் கார் செய்துவந்த ரோவர் கம்பெனி திண்டாடியது. அதன் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் கரையோரம் ஆங்கிள்ஸி தீவிலிருந்த தம் நிலத்தில், பட்டாளம் கழித்துவிட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார். அது படுத்துவிட்டால் பதிலுக்கு வாங்க அவர் நாட்டில் ஒரு வண்டியும் இல்லை. 1947இல் அந்தத் தீவின் ரெட் வார்ஃப் கடற்கரை மணலில், கம்பெனியின் நிர்வாக இயக்குநரான அண்ணன் ஸ்பென்சருக்குப் புது வண்டியின் வடிவத்தை அவர் வரைந்து காட்டினார் என்று கம்பெனி வரலாறு சொல்கிறது.

முதல் மாதிரியை ஜீப்பின் சேஸி மீதே கட்டினார்கள். ஸ்டீயரிங் நடுவில் இருந்தது. உடம்புக்கு உருக்குக் கிடைக்காததால் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவைத் தகட்டைப் போட்டார்கள். வளைவும் நெளிவும் வேண்டுமென்றால் அச்சுகள் செய்யச் செலவாகும் என்பதால் தகடுகளைத் தட்டையாகவே விட்டார்கள். போரில் மிஞ்சிய பச்சைப் பெயிண்டைப் பூசினார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி உலகத்துக்கு முகம் காட்டியது. நிலைமை சீராகும்வரை சில ஆண்டு ஒப்பேற்ற வந்த இந்த வண்டியின் வம்சம் 2016 ஜனவரி 29 வரை சோலிஹல்லில் உருவாகிக்கொண்டே இருந்தது. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல்.

புதிதாக வாங்குகிறவர் இந்தப் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் பணம் மிச்சம். வெளித்தகடு துருப்பிடிக்காது. அதைச் சுமக்கும் சேஸி, ஓட்டுநரின் காலுக்கு முன்னால் நிற்கும் தடுப்புச் சுவர், கதவுகளின் உள்சட்டம் மூன்றும் உருக்கு, அவை துருப்பிடிக்கும். உருக்கும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஆகவே மேலே பளபளக்கும் வண்டி அடியில் பொத்தலாக இருப்பது இந்த இனத்தில் சர்வ சாதாரணம்.

பட்டாளச் சேவை

1983இல் வந்த ஒன் டென், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள 110 அங்குல இடைவெளியால் பெயர் பெற்றது. பட்டை ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும் ஏற்பாடும் வந்தது. டிஃபெண்டர் என்ற பெயர் 1990இல்தான் ஒட்டிக்கொண்டது. நம் வண்டி பிறக்கும்போது அந்தப் பெயரே இல்லை.

ராணுவம் கேட்டு வாங்கியது 2.5 லிட்டர் டீசல் எஞ்சின். டர்போ கிடையாது, சுமார் 68 குதிரைத் திறன். ரேடியோ சுமந்த வண்டிகளில் மின் அமைப்பு 24 வோல்ட். பின் அச்சின் டிஃபரன்ஷியல் குடத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் ஒளி விழும்படி சிறு விளக்கு வைத்திருப்பார்கள். இருட்டடிப்பில் அணிவகுத்துப் போகையில் பின்னால் வருபவர் அந்த வெள்ளைப் பொட்டை மட்டும் பார்த்து ஓட்டுவார்.

“ராணுவ வண்டி, ஓடியதே குறைவு” என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ரேடியோ வண்டி ஒரே இடத்தில் நின்றபடி, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற எஞ்சினை மணிக்கணக்காக ஓடவிட்டிருக்கும். அந்த உழைப்பு ஓடோமீட்டரில் ஏறுவதில்லை. பச்சையும் கறுப்புமாகத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசிய பெயிண்டும் அப்படித்தான், அடியில் ஏறிய துருவையும் நடந்த டிங்கர் வேலையையும் மூடி மறைத்துவிடும்.

ஏலம், பண்ணை, உப்புச் சாலை

சேவைக் காலம் முடிந்ததும் ராணுவம் வண்டியைக் கழித்துக் கட்டும். லிங்கன்ஷயர் போன்ற இடங்களின் ஏலக் களங்களில் அது விவசாயி கைக்கோ வியாபாரி கைக்கோ போகும். சிவில் பதிவெண் பெறும். குளிர்காலத்தில் பனி உருக உப்புத் தூவும் பிரிட்டிஷ் சாலைகளில் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். ராணுவம் செய்யாத சேதத்தை அந்த உப்பு செய்துவிடும்.

அமெரிக்காவில் உட்கார்ந்தபடி வண்டி தேடும் புதியவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் ‘எம்.ஓ.டி.’ எனப்படும் தகுதிச் சோதனை நடக்கும். பதிவெண்ணைக் கொடுத்தால் அரசு இணையதளத்தில் அதன் முந்தைய முடிவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சேஸியில் துரு என்று எந்த ஆண்டு எழுதினார்கள், ஓடிய தூரம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறியது, இடையில் எத்தனை ஆண்டு சோதனைக்கே வராமல் கிடந்தது, எல்லாம் அதில் தெரியும். விற்பவர் அனுப்பும் படங்களைவிட இந்தப் பட்டியல் நேர்மையானது.

25 வயது

1980களில் ஐரோப்பிய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. கார்களைத் தனியார் நேரடியாகக் கொண்டுவந்து அமெரிக்காவில் மலிவாக விற்றார்கள். அதிகாரப்பூர்வ வியாபாரம் அடிவாங்கியதால் கம்பெனிகளும் முகவர்களும் வாஷிங்டனில் முறையிட்டார்கள். 1988இல் வந்த சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது; 25 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு மட்டும் சந்து விட்டது. புகை விதிகளைப் பார்க்கும் அமைப்பு 21 ஆண்டு கேட்கிறது. எஞ்சின் அசல் அமைப்பில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யாரோ இடையில் புது டர்போ எஞ்சின் மாற்றிய வண்டி ஓட்டுவதற்குச் சுகம், சுங்கத்தில் சிக்கல்.

லேண்ட் ரோவர் கம்பெனியே அமெரிக்காவுக்கென்று டிஃபெண்டர் விற்றது 1993 முதல் 1997 வரைதான். முதல் ஆண்டில் வந்த 110 வகை வெறும் 500. பிறகு வந்த பாதுகாப்பு விதிகளுக்காக இந்தப் பழைய உடம்பை மாற்றுவது கட்டுப்படியாகாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆசைப்பட்டவர் அதிகம், வண்டி குறைவு என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. பழைய வண்டியின் எண்ணைப் புதிய வண்டியில் பதித்து வயதைக் கூட்டி அனுப்பினார்கள். 2013இல் அப்படிச் சிக்கிய ஒரு டிஃபெண்டரை அமெரிக்கச் சுங்கத்துறை நொறுக்கி, அதைக் காணொளியாகவும் வெளியிட்டது. 2014இல் பல மாநிலங்களில் வீட்டு வாசலில் நின்ற சுமார் 40 வண்டிகளை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். வழக்காடிய பலருக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் மாதக்கணக்கில் வக்கீலோடு அலைந்த பிறகு.

ஆகவே பணம் அனுப்புமுன் எண்களை ஒப்பிட வேண்டும். வலது முன்சக்கரத்தருகே சேஸியில் அடித்த எண், தகட்டில் உள்ள எண், பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ் பிறந்த தேதியைச் சொல்லும். துருப்பிடித்த சேஸிக்குப் பதில் துத்தநாகப் பூச்சுள்ள புதிய சேஸி போட்ட வண்டி உறுதியானது. ஆனால் அந்த மாற்றத்துக்கான ரசீது கையில் இல்லாவிட்டால் அந்த நல்ல வேலையே சந்தேகத்தைக் கிளப்பும்.

கடல் பயணம்

கப்பலில் ஏறுமுன் வண்டியின் அடிப்பகுதியை நீராவியால் கழுவியாக வேண்டும். பிரிட்டிஷ் வயல் மண் ஒட்டியிருந்தால் அமெரிக்க வேளாண் விதி அதை உள்ளே விடாது. வண்டியை ஓட்டியே ஏற்றும் கப்பலில் செலவு குறைவு. ஆனால் உள்ளே உதிரி சாமான் வைக்கக் கூடாது. கன்டெய்னரில் செலவு கூடுதல், பத்திரம். ஒன் டென் 20 அடிக் கன்டெய்னரில் அடங்கும்.

சவுத்தாம்ப்டனில் ஏறிய வண்டி பால்டிமோரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எச்.எஸ். 7’ என்னும் போக்குவரத்துத் துறைப் படிவம், ‘3520-1’ என்னும் புகை விதிப் படிவம், சுங்கப் பதிவு மூன்றும் தயாராக இருக்க வேண்டும். பயணிகள் வண்டிக்கு நெடுங்காலமாக இருந்த தீர்வை 2.5 சதவீதம், சரக்கு வண்டிக்கு 25. இந்த வித்தியாசம் கோழிக்கறியால் வந்தது. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக 1964இல் விதித்த தீர்வை, கோழிச் சண்டை ஓய்ந்த பின்பும் நீடிக்கிறது. பின் இருக்கையும் ஜன்னலும் இல்லாத ராணுவ வண்டியைச் சரக்கு வண்டி என்று கருதிவிட்டால் செலவு எகிறும். அண்மைக் காலத்தில் தீர்வைகள் அடிக்கடி மாறுவதால், வண்டியை ஏற்றும் மாதத்து நிலவரத்தைச் சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மத்திய அரசு விட்டாலும் மாநிலம் விட வேண்டும். பதிவு, புகைச் சோதனை, காப்பீடு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வண்டி கப்பலில் இருக்கும்போது இதை விசாரிப்பது காலம் தாழ்ந்த செயல்.

புது எஜமானர்

சென்னையில் ஓட்டக் கற்றவருக்கு வலப்பக்க ஸ்டீயரிங் பழக்கமானதே. ஆனால் அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அங்கே முந்துவதற்கு எட்டிப் பார்க்கும் வேலை பக்கத்து இருக்கைக்காரருடையது. சுங்கச் சாவடியும் உணவு வாங்கும் ஜன்னலும் தப்பான பக்கத்தில் வரும். பிரிட்டனுக்கென்று அமைந்த ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் குத்தும். அதை மாற்றியாக வேண்டும். 68 குதிரைத் திறனில் நெடுஞ்சாலை வேகத்தை எட்டுவதற்குள் பின்னால் லாரிகள் வரிசை கட்டும்.

முதல் வேலை டைமிங் பெல்ட்டை மாற்றுவது. எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது, ஓடும்போது அறுந்தால் எஞ்சின் சேதமாகும். இரண்டாவது, எல்லா எண்ணெயையும் மாற்றுவது. எஞ்சின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல், முன் அச்சு முனைகளின் இரண்டு உருண்டை மூட்டு என்று தனித்தனியே ஏழு இடங்கள். மூன்றாவது, பிரேக் ஹோஸ்களை மாற்றுவது. அங்குல அளவு நட்டும் மில்லிமீட்டர் நட்டும் ஒரே வண்டியில் கலந்திருப்பதால் இரண்டு ஸ்பானர் செட்டும் வேண்டும். சேறு தாண்டப் போட்ட நடு டிஃபரன்ஷியல் லாக்கை எடுக்காமல் தார்ச்சாலையில் ஓட்டினால் முன்னும் பின்னும் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். 24 வோல்ட் வண்டிக்குப் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்ய முடியாது. எண்ணெய்க் கசிவு இருக்கும். அளவு கூடுகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

இவ்வளவுக்கும் ஈடாக, மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் எஞ்சின், போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும் கதவு, பிரிட்டனில் இன்றும் தயாராகும் உதிரிபாகம் ஆகியவை கிடைக்கும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டி என்பதால் பொறுமை உள்ளவர் புத்தகத்தை வைத்துக்கொண்டே பாதி ரிப்பேரைக் கற்றுவிடலாம்.

முதல்முறை வாங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். இங்கிலாந்தில் மலிவாகத் தெரியும் வண்டியை நேரடியாக இறக்க வேண்டாம். ஏற்கெனவே சுங்கம் கடந்து, உங்கள் மாநிலத்தில் பதிவாகி, காகிதம் முழுதாக இருக்கும் வண்டியை விலை கூடுதலானாலும் வாங்குங்கள். கழுவல், கப்பல், தீர்வை, முகவர் கூலி எல்லாம் சேர்ந்தால் அந்த மலிவு கரைந்துவிடும். கூடவே வரும் அபாயம் மட்டும் உங்களுடையதாக மிஞ்சும். பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு முதலில் சேஸியைத் தட்டிப் பாருங்கள். பெயிண்டைக் கடைசியில் பாருங்கள். அன்றாடம் வேலைக்குப் போக வேறொரு வண்டி வீட்டில் இருந்தால் மட்டுமே இதை வாங்குங்கள்.