‘டே’ என்னும் சொல்லும் ‘பேர்’ என்னும் கணக்கும்: மாத்தளைப் பெருந்தோட்டங்களில் நாளின் வரலாறு

காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘டே’ என்பது மிகச் சாதாரணமானது. இருபத்துநான்கு மணி நேரத்தையும் அது குறிக்கும். ஒளியுள்ள பகற்பொழுதையும் குறிக்கும். இவற்றோடு மூன்றாவது பொருளொன்றும் அதற்கு உண்டு. ஒருவரது உழைப்பை மற்றொருவர் விலைக்கு வாங்கும் அலகு என்பதே அப்பொருள். மாத்தளைப் பெருந்தோட்டங்களில் ஆட்சி பெற்றது இம்மூன்றாவது பொருளேயாகும். ஆயின், தொழிலாளர் அதனை நாள் என வழங்கினாரல்லர், ‘பேர்’ என்றனர். இச்சொல் மாற்றத்தின் பின்னே ஒரு சமூக வரலாறு உண்டு.

தமிழில் ‘நாள்’ என்பது விண்மீனையும் விடியற்பொழுதையும் குறித்து வழங்கிய பழஞ்சொல். பகற்சந்தை நாளங்காடி எனவும் இரவுச்சந்தை அல்லங்காடி எனவும் பெயர் பெற்றன. ஒரு நாளை அறுபது நாழிகையாகவும் சிறுபொழுதுகளாகவும் பகுத்த மரபு வானையும் வாழ்வியலையும் தழுவியது. எனினும் இதனைக் கொண்டு தமிழகக் கிராமத்தை ஒரு பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. மலையகம் நோக்கி வந்தோரிற் பெரும்பாலானோர் நிலமற்றோரும் ஒடுக்கப்பட்ட சாதியினருமாவர். ஊரிலும் அவர்களது பொழுது நிலவுடைமையாளரின் கையிலேயே இருந்தது. கடல் கடந்தபோது மாறியது பொழுதின் உரிமையாளரும் அதனைக் கணக்கிடும் முறையுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாத்தளைப் பகுதியிற் கோப்பிச் செய்கை விரைந்து பரவியது. தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காடு கடந்து மாத்தளையை அடைந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் பருவத்தில் ஆட்கள் மிகுதியாக வேண்டப்பட்டனர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். எனவே அக்காலத் தொழிலாளரின் வாழ்வைப் பெரும்பாலும் நிருணயித்த கால அலகு பருவமேயாகும்.

சட்டமோ மாதத்தைக் கைக்கொண்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம், வாய்மொழியாக அமர்த்தப்பட்ட தொழிலாளியை மாத ஒப்பந்தத்துக்கு உட்பட்டவராகக் கொண்டது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1920களின் தொடக்கத்திலேயே இத்தண்டனைப் பிரிவுகள் நீங்கின. ஆளைப் பிணிப்பதற்கு மாதம் அலகாயிருக்க, சம்பளமோ வேலை செய்த நாட்களுக்கே கணக்கிடப்பட்டது. மழையாலோ நோயாலோ வேலையற்றுக் கழிந்த நாளின் இழப்பு தொழிலாளியையே சார்ந்தது. கட்டுவதற்கு மாதம், கொடுப்பதற்கு நாள் என்ற இவ்விரட்டை அளவையே பெருந்தோட்ட உற்பத்தி உறவின் அடிப்படைகளுள் ஒன்று எனலாம்.

1869 முதற் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. மாத்தளையிற் கொக்கோவும் இறப்பரும் இடம்பெற்றன. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதமும் வந்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் சில நாட்களுக்கொருமுறை பறிக்கப்பட வேண்டியது. ஆகவே பருவத் தொழிலாளி நிலைத்த தொழிலாளியானார். பருவத்தின் இடத்தை நாள் பற்றிக்கொண்டது. விடியலிற் தப்பு ஒலிக்கும். தொழிலாளர் ‘பெரட்டு’க் களத்தில் அணிவகுப்பர். அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபே பெரட்டு. வேலை முடிந்ததும் செக்ரோலிற் பெயர் பதியப்படும். பெயர் பதியப்பட்டாலே அது நாள். ஆதலின் நாட்சம்பளமே ‘பேர்’ எனப் பெயர் பெற்றது. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ போடப்பட்டது. அவரது சூரியன் முழுமையாகவே உதித்து மறைந்தது. கணக்கில் மட்டும் பாதி நாள் குறைந்தது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்படுத்தியது. உணவு இடைவேளை உட்பட ஒன்பது மணி நேரம் வேலைநாளென வரையறுக்கப்பட்டது முக்கியமான முன்னேற்றமாகும். எனினும் ஒரே நாளுக்கு மூன்று விலைகள் இருந்தன. 1929இல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி உயர்நிலப் பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஆண், பெண் சம்பளம் சமமாக்கப்பட்டது 1984இலேயே. அதன் பின்னரும் நாள் சமமாகவில்லை. ஆண்களுக்கு வழங்கப்படும் பல வேலைகள் நண்பகலை அடுத்து முடிவடைய, கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலை நிறுவை வரை மலையில் நிற்பர். லயத்திற் தொடரும் சமையலும் பிள்ளை பராமரிப்பும் எந்தப் பேரிலும் சேர்வதில்லை.

இவ்வாறு நாள்தோறும் பெயர் எழுதப்பட்ட மக்களிடமே, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் இடையறாத வதிவுக்குச் சான்று கேட்டது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் வதிந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. உழைப்பை அளக்கையில் ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்டது. உரிமையை அளக்கையில் ஆண்டுகளே ஐயத்துக்குள்ளாயின.

2021இற் சம்பளச் சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, எத்தனை கிலோ கொழுந்துக்கு ஒரு நாள் என்ற பிணக்கு பல தோட்டங்களில் எழுந்தது. நாளின் விலை உயர, நாளின் அளவும் உயர்த்தப்பட்டால் தொழிலாளி பெறும் பயன் யாது? சம்பள உயர்வு பற்றிய பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் ரூபாவையே மையமாகக் கொண்டுள்ளன. ஒரு நாள் எது என்பதை வரையறுக்கும் அதிகாரம் யாருடையது என்ற வினா அதனினும் அடிப்படையானது. 1865 முதல் அவ்வதிகாரம் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்திடமே இருந்து வந்துள்ளது. ‘பேர்’ என்ற சொல் அதற்குத் தொழிலாளர் மொழியிலேயே நிலைத்துவிட்ட சான்றாகும்.